புகை அடித்த மறுநாளும் கொசு கடிப்பது ஏன்?

கேள்வியின் சாரம் இது: ஆண்டு முழுவதும் வெப்பம் குறையாத பகுதியில் ஏறத்தாழ 200 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. குடியிருப்போர் சங்கம் மாதம் இருமுறை புகைமருந்து அடிக்கிறது. இருந்தும் கொசு குறைந்தபாடில்லை. போதாக்குறைக்கு ஈ, கரப்பான், எறும்பு, மாலையில் விளக்கை மொய்க்கும் பூச்சிகள் என்று தொல்லை நீள்கிறது. மருந்தை மாற்றலாமா, அல்லது மாதம் நான்கு முறையாகக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்களைக் கடிப்பது எந்தக் கொசு என்பதைக் கண்டுபிடியுங்கள். அதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் கடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விடிந்த சில மணி நேரத்திலும் பொழுது சாய்வதற்குச் சற்று முன்பும், சத்தமே காட்டாமல் மேசைக்கு அடியில் கணுக்காலைத் தேடிக் கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ். கறுத்த உடலும் கால்களில் வெள்ளை வளையங்களும் கொண்ட அது டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய மூன்றையும் பரப்பக்கூடியது. விளக்கை அணைத்த பிறகு காதருகே ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் பழுப்பு நிறக் கொசு பெரும்பாலும் கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் வகையும் இதில் உண்டு. சுவரில் உட்காரும்போது வால்பகுதியைத் தூக்கி உடல் முழுவதையும் சாய்கோடாக நிறுத்தியிருந்தால் அது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ். மூன்றிலும் பெண் மட்டுமே கடிக்கிறது, முட்டை வளர இரத்தத்திலுள்ள புரதம் அதற்குத் தேவைப்படுவதால். ஆண் கொசு பூந்தேனோடும் செடிச்சாற்றோடும் நின்றுகொள்கிறது.

இந்த அடையாளம் எதற்கு என்றால், ஒவ்வொன்றும் முட்டையிடும் நீர் வேறு, பறக்கும் தூரமும் வேறு. ஏடிஸ் எஜிப்டி பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே பகலில் கடி வாங்குகிறீர்கள் என்றால், அது பிறந்த இடம் உங்கள் வளாகத்துக்குள்ளேயோ மதிலுக்கு அடுத்த பக்கத்திலோதான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். கியூலெக்ஸ் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூடப் பறந்து வரும் என்பதால் அதன் விஷயத்தில் வெளியிலுள்ள சாக்கடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளத்தையோ ஏரியையோ ஒட்டிய குடியிருப்புகளில் மாலையில் சுவரெங்கும் அப்பிக்கொண்டு, கொசுவைப் போலவே இருந்தும் ஒருவரையும் கடிக்காத பூச்சிக் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு இரத்தம் உறிஞ்சும் நீண்ட ஊசிவாய் கிடையாது. அதைக் கண்டு பயந்து புகை அடித்த சங்கங்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு குடியிருப்பில், வளாகத்துக்குள் எங்கும் தண்ணீர் தேங்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். நீர்மீட்டர் குழியின் இரும்பு மூடியைத் தூக்கி, ஒரு சிறிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து இறக்கி, நீரை மெல்ல உள்ளே வழியவிட்டு எடுத்தோம். முதலில் தூசியைத் தவிர எதுவும் தெரியவில்லை. கிண்ணத்தை ஆடாமல் பிடித்திருந்ததில், அரை நிமிடம் கழித்து அடியில் பதுங்கியிருந்த புழுக்கள் ஒவ்வொன்றாக நெளிந்து மேலே வந்து, தலைகீழாகத் தொங்கி, வால்நுனியிலிருந்த சுவாசக்குழலை நீர்ப்பரப்பில் ஊன்றிக்கொண்டன. அனாபிலிஸ் புழுவாக இருந்தால் இப்படித் தொங்காது, நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் கிடக்கும். இவற்றுக்கிடையே காற்புள்ளி வடிவில் சுருண்ட கூட்டுப்புழுக்கள் ஏழெட்டு இருந்தன. கையின் நிழல் விழுந்ததுமே அவை உருண்டு உருண்டு அடிக்குப் போயின. கூட்டுப்புழுவைக் கண்டால் ஓரிரு நாளில் அந்தக் குழியிலிருந்து கொசு பறக்கப்போகிறது என்று பொருள். அந்த வளாகத்தில் அன்று காலையில்தான் புகை அடித்து முடித்திருந்தார்கள்.

புகைமருந்தின் குறை இதுதான். நுண்துளிகள் காற்றில் மிதக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால் மட்டுமே அது சாகும். நீருக்குள் இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையையும் அது தொடுவதே இல்லை. வெப்பமான பகுதியில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும் என்பதால், 15 நாளைக்கு ஒருமுறை அடிக்கப்படும் இரண்டு புகைகளுக்கு நடுவில் ஒரு தலைமுறை முழுவதுமாகப் பிறந்து, கடித்து, அடுத்த முட்டையையும் இட்டுவிடுகிறது. வாரம் ஒருமுறையாக்கினால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் ஏடிஸ் எஜிப்டி பகலில் ஓய்வெடுப்பது கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் அலமாரி இடுக்கிலும். வெளியே புகை வரும்போது நீங்களோ சன்னலைச் சாத்திக்கொள்கிறீர்கள். போதாததற்கு, ஒரே மருந்தை அடிக்கடி அடிக்க அடிக்க அதைத் தாங்கிப் பிழைப்பவையே எஞ்சிப் பெருகும். டி.டி.டி. என்ற வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்று சுவிஸ் வேதியியலாளர் பால் முல்லர் 1939ல் கண்டறிந்தார், 1948ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அந்தப் பரிசு அறிவிக்கப்படும் முன்பே டி.டி.டி.க்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன. இன்று புகையிலும் கொசு விரட்டும் திரவத்திலும் சுருளிலும் ஒரே பைரித்ராய்டு குடும்பத்து மருந்துகளே பெரும்பாலும் இருப்பதால், பல ஊர்க் கொசுக்கள் அவற்றுக்குப் பழகிவிட்டன. புகை கண்ணுக்குத் தெரிகிறது, வேலை நடந்தது என்று உறுப்பினர்களுக்குக் காட்ட முடிகிறது. சங்கங்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வேலை தண்ணீரில் தொடங்க வேண்டும். ஏடிஸுக்கு ஒரு பாட்டில் மூடியளவு நீர் போதும். பூந்தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் நீர் சொட்டும் தட்டு, ஏசி நீர் விழும் வாளி, மொட்டைமாடியில் போட்ட பழைய டயர், தார்ப்பாய் மடிப்பு, இலைச்சருகு அடைத்த கூரை வடிகால், வெட்டிய மூங்கிலின் குழி, கட்டுமானம் நடக்கும் இடத்தில் மின்தூக்கிக் குழி, எவரும் பயன்படுத்தாத குளியலறையின் தரை வடிகால் என எதையும் அது விடுவதில்லை. தண்ணீரைக் கொட்டினால் போதும் என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. கருமிளகுத் தூளைத் தூவியதுபோல் இருக்கும் அவை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் நீர் ஏறியதும் பொரிகின்றன. கோடையில் காலியாகக் கிடந்த தொட்டியிலிருந்து முதல் மழைக்குப் பின் ஒரே வாரத்தில் கொசுப் படை கிளம்புவது இதனால்தான். ஆகவே வாரம் ஒருமுறை கவிழ்ப்பதோடு, உட்சுவரைச் சொரசொரப்பான தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்துக் கழுவவும் வேண்டும். டிரம்மின் வாயைத் துணியால் கட்டுபவர்கள் துணியை இறுக்கமாகக் கட்ட வேண்டும். நடுவில் தொய்ந்து நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணியே கொசுவுக்கு முட்டையிடும் இடமாகிவிடும்.

கியூலெக்ஸின் கதை வேறு. அதற்கு அழுகிய, கொழகொழத்த நீர்தான் பிடிக்கும், நூறு முதல் முந்நூறு முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு தெப்பமாக மிதக்கவிடும். இரவுக் கடிதான் உங்கள் முதன்மைத் தொல்லை என்றால், பூந்தொட்டித் தட்டுகளை விட்டுவிட்டு நேராகக் கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாயைப் பாருங்கள். அந்தி நேரத்தில் குழாயின் வாய்க்கு எதிரே ஒரு வெளிச்சத்தைப் பிடித்தால், கொசு ஒவ்வொன்றாக வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாயின் வாயில் நைலான் வலையைப் போட்டு இறுக்கிக் கட்டுவது அரைமணி நேர வேலை. ஒரு குடியிருப்பின் இரவுத் தூக்கத்தை இதைவிடக் குறைந்த செலவில் எவராலும் திருப்பித் தர முடியாது. வலை வெயிலில் நைந்து கிழிந்துபோகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொட்டி மூடியின் விளிம்பிலும் குழாய் நுழையும் இடத்திலும் உள்ள விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைக்க வேண்டும். மூடிய, நீர் ஓடாத குழிகளில் சிறிய தெர்மோகோல் மணிகளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பரப்பி மிதக்கவிட்டால், புழு மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகும், கொசுவும் முட்டையிட முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் 1980களின் இறுதியில் கழிப்பறைக் குழிகளில் இதைச் செய்து, யானைக்கால் நோய் மருந்தோடு சேர்த்து, நல்ல பலன் கண்டார்கள். பெருக்கெடுத்து வழியும் குழிக்கோ திறந்த சாக்கடைக்கோ இந்த முறை ஆகாது. மணிகள் வெளியே போய் வேறு குப்பையாகும்.

மேல்நிலைத் தொட்டிக்குச் சரியான மூடியும், வழிந்தோடும் குழாயின் வாய்க்கு வலையும் இருந்தால் நகரத்து அனாபிலிஸுக்கான கதவு அடைபட்டுவிடும். அருகில் ஆகாயத்தாமரை மண்டிய குட்டை இருந்தால் மான்சோனியா என்ற கொசு வரும். அதன் புழு செடியின் வேரைக் குத்தி அங்கிருந்தே மூச்சுக்காற்றை எடுத்துக்கொள்வதால் நீர்ப்பரப்பில் எண்ணெய் விட்டுப் பயனில்லை, செடியை அகற்றித்தான் ஆக வேண்டும்.

கவிழ்க்க முடியாத, மூட முடியாத நீர்நிலைகளுக்கு மட்டுமே புழுக்கொல்லி. பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாக்டீரியா 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டறியப்பட்டது; அதை விழுங்கும் புழுவின் குடலைச் சிதைக்கும் அது, மீனையோ மனிதரையோ ஒன்றும் செய்வதில்லை. ஆனால் விழுங்கினால்தான் வேலை செய்யும். கூட்டுப்புழு எதையும் உண்ணாது என்பதால் அது தப்பிவிடும். கழிவு மிகுந்த நீரில் பி.டி.ஐ.யின் வீரியம் சீக்கிரமே குறைந்துவிடும் என்பதால் அங்கே பேசில்லஸ் ஸ்ஃபேரிக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மேல். பைரிப்ராக்ஸிஃபென் என்ற மருந்து புழுவைக் கொல்வதைவிட, கூட்டுப்புழுவிலிருந்து கொசு வெளிவருவதைத் தடுக்கிறது; ஆகவே அதைப் போட்ட இடத்தில் புழு நெளிவதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எரிந்துபோன எஞ்சின் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. புழு சாகும் என்பது உண்மை. மண்ணும் நிலத்தடி நீரும் கெடும் என்பதும் அதே அளவு உண்மை. வேறு நீர்நிலையோடு சேராத அழகுத் தொட்டியில் கப்பி மீன் விடலாம். கம்பூசியா மீனை இயற்கையான குளத்தில் மட்டும் விடாதீர்கள், அது அங்கேயே பிறந்த மீன் குஞ்சுகளையும் தவளைப் புழுக்களையும் தின்று தீர்த்துவிடும்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடி வீடு வீடாகப் போவது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1901ல் கியூபாவின் ஹவானா நகரில் மஞ்சள் காய்ச்சலை ஒழிக்க முனைந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸ், நோயாளியின் வீட்டில் புகை போட்டதோடு நிற்காமல், ஆட்களை அனுப்பி ஒவ்வொரு வீட்டின் நீர்ப் பாத்திரங்களையும் பார்த்து, மூடவும் கவிழ்க்கவும் எண்ணெய் விடவும் செய்தார். புழு கண்ட வீட்டுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அந்த நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் நின்றுபோனது. கொசுதான் அந்த நோயைப் பரப்புகிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லியிருந்தார். இருபது ஆண்டுகளாக அவரை எவரும் பொருட்படுத்தவில்லை.

உங்கள் குடியிருப்பில் இதை நடத்துவதற்கு நான்கைந்து பேர் போதும், ஆனால் நாள் மாறக் கூடாது. கொசுவின் சுழற்சி ஒரு வாரம் என்பதால் நீங்களும் வாரத்தில் ஒரே நாளைக் குறித்துக்கொண்டு, வளாகத்தின் வரைபடத்தில் நீர் நிற்கக்கூடிய இடங்களுக்கு எண் போட்டு, புழு இருந்ததா இல்லையா என்று மட்டும் எழுதிவாருங்கள். இரண்டு மாதத்தில், எந்த ஐந்தாறு இடங்கள் மொத்தக் கொசுவையும் பெற்றுத் தள்ளுகின்றன என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் அவற்றில் ஒன்று பூட்டிய வீடாக இருக்கும். ஆளில்லாத வீட்டின் கழிப்பறைக் கிண்ணத்திலும் தரை வடிகாலிலும் தேங்கிய நீர் மாதக்கணக்கில் கலையாமல் நிற்கும். உரிமையாளரிடம் முன்கூட்டியே சம்மதம் பெற்று, சாவியைச் சங்கத்தில் வைத்து, கிண்ணத்தையும் வடிகாலையும் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடிவிடுவது நல்லது. ஏடிஸ் குறைகிறதா என்று அறிய, நீர் நிரப்பிய கறுப்பு நிறக் குவளைக்குள் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி நிழலில் வைத்து, பட்டையில் ஒட்டும் முட்டைகளை வாரந்தோறும் எண்ணலாம். எண்ணப் போகாமல் மறந்துவிட்டால் நீங்களே கொசு வளர்த்ததாகிவிடும்.

தனிப்பட்ட காப்புக்கு வருவோம். மின்விசிறியை எவரும் கொசு ஒழிப்புக் கருவியாக நினைப்பதில்லை, ஆனால் கொசு வலுவாகப் பறக்க இயலாத பூச்சி. விசிறிக் காற்று அதைத் தள்ளுவதோடு, அது மோப்பம் பிடித்து வரும் நம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் கலைத்துவிடுகிறது. தோலில் பூசுவதற்கு டீட், பிகாரிடின், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் ஆகியவை நம்பத்தக்கவை. டீட் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் ஆகாது. சுருள் பற்றி ஓர் எச்சரிக்கை: ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003ல் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. மீயொலி எழுப்பும் கருவிகள் கொசுவை விரட்டுவதில்லை என்பது பல கள ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. தோட்டத்தில் தொங்கவிடும் நீல விளக்குப் பூச்சிக்கொல்லியும் வீண்தான்: 1996ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அவ்விளக்குகளில் செத்த 13,789 பூச்சிகளை எண்ணியபோது, கடிக்கும் வகை வெறும் 31தான் இருந்தன.

மற்ற பூச்சிகளுக்கும் இதே கேள்விதான், எங்கே பிறக்கிறது என்பது. ஈயும் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து ஈயாகிவிடும் என்பதால், ஈரக் குப்பையை வாரத்துக்கு இருமுறையாவது அகற்றியாக வேண்டும். தொட்டியைக் காலி செய்த பிறகும் அடியில் தங்கும் சாற்றைக் கழுவாவிட்டால் அங்கேயே புழு வளரும். வளர்ந்த புழு உலர்ந்த மண்ணைத் தேடிப் போய்த்தான் கூடு கட்டும், ஆகவே குப்பைத் தொட்டியை வெறும் மண்ணில் வைக்காமல் சிமெண்ட் தளத்தில் வையுங்கள்.

கரப்பானில், இரவில் சாக்கடை வழியே ஏறிவரும் பெரியதும், சமையலறைக் கீல்களிலும் அடுப்பின் இடுக்கிலும் குடும்பம் நடத்தும் சிறியதும் வேறு வேறு. பெரியதற்கு வடிகால் வலையும் சாக்கடை மூடியின் விரிசலை அடைப்பதும் போதும். சிறிய ஜெர்மன் கரப்பானுக்குப் பசை வடிவத் தூண்டில் மருந்தை அரிசியளவு பொட்டுகளாகப் பல இடங்களில் வைக்க வேண்டும். ஒரு முட்டைப் பையிலிருந்து முப்பது நாற்பது குஞ்சுகள் வரும் என்பதால் ஒருமுறை வைத்துவிட்டு நிறுத்தக் கூடாது. பசை வைத்த இடத்தின் அருகே தெளிமருந்து அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, பசையும் வீணாகும். எறும்புக்கும் தூண்டிலே மேல். சர்க்கரைக் கரைசலில் போரிக் அமிலத்தை ஒரு சதவீதத்துக்கு மேல் கலந்தால் வேலைக்கார எறும்பு கூட்டுக்குப் போகும் முன்பே செத்து, ராணி பிழைத்துக்கொள்ளும். ஃபாரோ எறும்பு எனப்படும் மிகச் சிறிய மஞ்சள் எறும்பின் மேல் மருந்து தெளித்தால் ஒரு கூடு பலவாகப் பிரிந்து பெருகுவதும் உண்டு.

விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்கு, வெளி விளக்குகளை மஞ்சள் ஒளிக்கு மாற்றி, வாசலுக்கு நேர் மேலே இல்லாமல் சற்றுத் தள்ளி வைத்தாலே பெரும்பகுதி குறையும். அவற்றில் ஆரஞ்சும் கருப்பும் பட்டையிட்ட, எறும்பு போன்ற மெல்லிய வண்டு ஒன்று உடம்பில் ஊர்ந்தால் அடித்து நசுக்காதீர்கள். அதன் உடற்சாறு பட்ட இடம் ஓரிரு நாளில் தீக்காயம்போல் கொப்புளிக்கும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மாதம் நான்கு முறை வேண்டாம். இருமுறையையும் நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் வலைகளும் மூடிகளும் வாங்குங்கள். புகைக்கு ஒரு வேளை உண்டு: வளாகத்தில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால், அவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கும் முன் அதைக் கொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது சுகாதாரத் துறைக்குத் தெரிவித்து, அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும், சன்னலைச் சாத்தாமல் உள்ளறைகளையும் சேர்த்து, காற்று அடங்கிய காலையிலோ மாலையிலோ, அவர்கள் சொல்லும் இடைவெளியில் மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்தாறு நாட்கள் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுத்திருக்கட்டும். புகைமருந்து வண்டி வருவதற்கு முதல் நாளே அந்த வீடுகளின் தொட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்து முடித்திருங்கள்.